ஓட்டமாவடி மில்லின் லிப் கோப்புறையும் புவனேஸ்வரி அக்காவின் விதை நெல்லும்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நீங்கள் அனுப்பிய மாற்றத் திட்டத்தைப் படித்தேன். ஓய்வில் இருப்பவளை மறக்காமல் கருத்துக் கேட்டதில் சந்தோஷம். ஆனால் படித்து முடித்தபோது கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. கோப்பை நல்ல கோப்பை என்பதால் விட்டுவிட்டேன்.

வரப்போகும் லினக்ஸ் வெளியீட்டில் பழைய லைப்ரரி அமைப்பு செல்லாது. ஆகவே நம் பராமரிப்பில் இருக்கும் நெல் மில்களின் கணினிகளை எல்லாம், வெளியீடு வருவதற்கு முன்னரே புதிய அமைப்புக்கு மாற்றிவிட வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி ஒரு மில். இதுதானே திட்டம்? முன்னரே முடித்துத் தருவதாக எந்தக் கோயிலில் நேர்த்தி வைத்தீர்கள்?

அது போதாதென்று, அடியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஏதும் பிழைத்தால் ஓட்டமாவடி முறை இருக்கிறதே." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். ஓட்டமாவடி முறையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கைகூடத் தட்டியிருப்பீர்கள். அன்று அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. வகுப்பில் சொல்லப்படுவது பாதிக் கதை. மற்றப் பாதியையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். அந்தச் சிரிக்கும் முகத்தைக் கொஞ்சம் அப்பால் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். லைப்ரரி என்பது பல நிரல்கள் பொதுவாகப் பாவிக்கும் கோப்புகள். பழைய அமைப்பில் இவை இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று மேலே தனியாக இருக்கும் லிப் கோப்புறை. மற்றது யூஸர் கோப்புறைக்குள் இருக்கும் இன்னொரு லிப். ஒரே வீட்டில் சமைக்க இரண்டு குசினி மாதிரி. புதிய அமைப்பு உள்ளே இருக்கும் குசினியை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய குசினி வாசலில் 'உள்ளே போ' என்று ஒரு வழிகாட்டியை மாட்டிவிடுகிறது. நல்ல யோசனைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் வேறு வேறு கோப்பு இருந்தால் மட்டும் மாற்றும் நிரல் நின்றுவிடும். "இதில் எது வேண்டும் என்று நீ பார்த்துச் சொல், நானாகச் செய்ய மாட்டேன்" என்று கேட்கும். மனிதர்களைவிட அதற்குப் பொறுப்பு அதிகம்.

மற்ற ஊர்களில் இப்படி இரட்டைக் கோப்பு அரிதாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் மில்லுக்கு மில் இருக்கிறது. காரணம் நம் ஆட்களின் பழக்கம். இணைய இணைப்பு இழுத்துக்கொண்டு கிடந்த காலத்தில், ஒரு மில் கணினியில் ஏதும் கோப்பு இல்லையென்றால் யார் காத்திருப்பார்கள்? பக்கத்து மில்லுக்குப் போய், அங்கே ஓடும் கணினியிலிருந்து கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்து, மேல் லிப்பில் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டில் உப்பு வாங்குகிற மாதிரி. வேலை நடக்கும். கைமாற்றாக வந்த கோப்பு என்று எவரும் எங்கும் குறித்து வைப்பதில்லை. பிறகு இணைப்பு நன்றாக வந்ததும், அதே கோப்பின் புதிய பதிப்பு முறையாக உள் லிப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று தெரியாமல் இருக்கும்.

ஓட்டமாவடி மில்லிலும் அப்படித்தான் இருந்தது. அங்கே நெல்லுலர்த்தும் ட்ரையரைக் கணினி நடத்தியது. நெல்லின் ஈரத்தை அளக்கும் கருவிக்கு வேண்டிய லைப்ரரிதான் இரண்டு இடத்திலும் கிடந்தது.

அந்த மில்லுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரவூப். ஏறாவூர்க்காரர். வேலை தெரிந்தவர், என்னைவிடச் சில வயது இளையவர், நல்ல மனிதர். அவரை நான் குறை சொல்லப் போகிறேன் என்பது அவருக்கும் தெரியும். நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். "சொல்லுங்க மிஸ், என்ட பேரயும் போட்டே சொல்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மில் ஜும்ஆத் தொழுகைக்கு மூடும். முற்றம் வெறிச்சென்று இருக்கும். எனவே அந்தப் பக்கத்து மில்களில் எந்தப் பராமரிப்பு வேலையும் ஜும்ஆ நேரத்தில்தான் என்பது எங்கள் அலுவலக வழக்கம். யார் தொடங்கினார்கள், ஏன் தொடங்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சாதாரண மாதங்களில் அது நல்ல நேரம்தான். பெரும்போக நெல் வெட்டு நடக்கும் மாதத்தில் அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. ஆட்கள் தொழுகைக்குப் போனாலும் உழவு மெசின்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவது நிற்காது. வவுணதீவிலிருந்தும் அங்கால உள்ள வயல் வட்டைகளிலிருந்தும் பச்சை நெல்லை ஏற்றிக்கொண்டு வந்து, மில் திறக்கும்வரை வாசலில் வரிசையாக நிற்கும். நிழல் இல்லை, காற்று இல்லை, ஈர நெல். இந்த மாதத்தில் கை வைக்க வேண்டாம் என்று அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். மேலாளர் தலையை ஆட்டினார். அவர் எல்லோருக்கும்தான் தலையாட்டுவார்.

ரவூப் ட்ரையரின் நிரலை நிறுத்தினார். புதிய அமைப்புக்கான மேம்படுத்தலைத் தொடக்கிவிட்டார். தொழுகைக்குப் போனார். தொழுகைக்குப் போனதில் ஒரு பிழையும் இல்லை. போகிற நேரமாகப் பார்த்து, பார்க்க ஆளில்லாமல் தொடக்கியதுதான் பிழை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களை நாம் என்ன சொல்வோம்?

அவர் திரும்பி வந்தபோது திரையில் கேள்வி நின்றது. ஒரே பெயர், இரண்டு கோப்பு, எது வேண்டும்? மேம்படுத்தல் பாதியில் நிற்கிறது. வாசலில் மெசின்கள் ஹோர்ன் அடிக்கின்றன. மில் சொந்தக்காரர் ஹாஜியார் கதவடியில் நின்று, "முடிஞ்சா ரவூப்? முடிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஈரக்கருவி எந்தக் கோப்பைப் பாவிக்கிறது என்று பார்த்தால் விடை வந்துவிடும். ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. ரவூப் என்ன செய்தார்? மாற்றும் நிரல் சும்மா அடம்பிடிக்கிறது, நாமே கையால் செய்துவிடுவோம் என்று மேல் லிப்பை முழுசாகப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் வழிகாட்டியை வைக்கப் போனார்.

வழிகாட்டி வைக்கும் கட்டளை ஓடவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு கட்டளையையும் எழுப்பி ஓட வைக்கும் கோப்பு அந்த லிப்பில்தான் இருந்தது. லிப்பைப் பழைய பெயருக்குத் திருப்பலாம் என்றால், பெயர் மாற்றும் கட்டளையும் ஓடாது. பூட்டின் திறப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று.

எனக்குத் தொலைபேசி வந்தது. நான் மட்டக்களப்பு அலுவலகத்தில் இருந்தேன்.

"மிஸ், ஒண்டும் ஓடுதில்ல. என்னத்த அடிச்சாலும் அப்பிடி ஒண்டு இல்ல எண்டு சொல்லுது."

"கடைசியா என்ன செஞ்ச நீங்க?"

"லிப்ப ஒதுக்கி வச்ச. அழிக்கல்ல மிஸ், சத்தியமா அழிக்கல்ல. பேரத்தான் மாத்தின."

"அந்தத் திரைய மூடாதீங்க. வெளிய வராதீங்க. ரீஸ்டார்ட் எண்டு வாயாலயும் சொல்லிப்போடாதீங்க. நான் வாறன்."

திறந்திருக்கும் அந்த ஒரு கறுப்புத் திரைதான் உள்ளே போக மிச்சமிருந்த வழி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது ஓடும், புதிதாக எதுவும் எழும்பாது. அணைத்தால் அந்தக் கணினி தானாக இனி எழும்பாது.

பேக்கப் டிஸ்க் எங்கே என்று கேட்டேன். அலுவலக அலுமாரியில் என்றார். அலுமாரிக்கு ஓடினேன். பூட்டு. திறப்பு மேலாளரின் பையில். மேலாளர் கல்முனையில் ஒரு கல்யாண வீட்டில். அழைத்தால் நாதஸ்வரச் சத்தம்தான் கேட்கிறது. கத்திக் கத்தித் திறப்பை அனுப்பச் சொல்லி, அது வந்ததும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வரும்படி அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, நான் வான் வண்டியில் ஏறினேன். கணினியின் பாதுகாப்பை நாங்கள் கல்முனைக் கல்யாண வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தோம்.

மில் வாசலில் முதலாவதாக நின்ற மெசின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றார். வான் உள்ளே நுழையும்போதே கையைக் காட்டி மறித்தார்.

"நீங்கதானா மிஸ் இத திருத்த வந்த?"

"ஓம் அக்கா."

"இஞ்ச வாங்க. இதுக்குள்ள கையப் போடுங்க."

போட்டேன். மணிக்கட்டு வரை குளிர், முழங்கை வரை சூடு.

"இது சோத்துக்குப் போற நெல்லில்ல மிஸ். விதை. எங்கட வட்டைக்கு அடுத்த போகத்துக்கு விதைக்கிற நெல்லு. இப்பிடியே நிண்டா அவிஞ்சி போகும்."

அவர்தான் புவனேஸ்வரி அக்கா. வவுணதீவுப் பக்கம். விதை நெல் செய்வது லேசான வேலை இல்லை. கலப்பில்லாமல் விதைத்து, வேறு இனத்துக் கதிர் ஒன்று தலைநீட்டினாலும் தேடிப் பிடுங்கி, ஒரு போகம் முழுக்கக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டியபின் மெதுவான சூட்டில் காயவைக்க வேண்டும். சூடு கூடினால் முளை செத்துவிடும். ஈரத்தோடு குவிந்து கிடந்தாலும் தானாகச் சூடேறிச் செத்துவிடும். மெதுவான சூட்டைப் பிடித்து வைக்கக் கணினி வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ட்ரையர் இந்த மில்லில் மட்டும்தான். அதற்குள்ளும் வேறொருவரின் நெல் பாதி காய்ந்தபடி கிடந்தது. அது வெளியே வராமல் இது உள்ளே போகாது. வெயிலில் பரப்பலாம் என்றால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

உள்ளே ரவூப் ஒரு கதிரையில் இருந்தார். இன்னொரு கதிரையைக் கணினியின் மின்சுவிட்ச்சுக்கு முன்னால் தடுப்பாகப் போட்டிருந்தார்.

"மேலாளர் கல்யாண வீட்ல இருந்து கோல் எடுத்து ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு மிஸ். நான் மாட்டன் எண்டு சொல்லிட்டன்."

அன்று ரவூப் செய்தவற்றில் மிகச் சரியான காரியம் அதுதான். மேலதிகாரிக்கு மாட்டேன் என்று சொல்வது எங்கள் தொழிலில் எழுதப்படாத திறமை. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் வகுப்பில் கேட்டது. கட்டளைகளை எழுப்பும் அந்தக் கோப்பு அழியவில்லை, இடம்தான் மாறியிருந்தது. புது இடத்தின் முழு முகவரியைச் சொல்லி நேராக அதையே கூப்பிட்டோம். லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்றும் சொன்னோம். அதன் கையால் பெயர் மாற்றும் கட்டளையை ஓட்டி, லிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். ஒரே ஒரு வரி. அடிப்பதற்கு முன் மூன்று தடவை வாய்விட்டு வாசித்தோம். மின்சாரம் ஒரு தடவை போய், யூபிஎஸ் கீச்சிட்டு, திரும்பவும் வந்தது. ரவூப் வரியை அடித்தார். அடுத்த கட்டளை ஓடியது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வகுப்பில் கதை இங்கே முடிகிறது. நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

ட்ரையர் ஓடவில்லை, பிள்ளைகளே. கணினிதான் எழும்பியது. மேம்படுத்தல் பாதியில் நின்றதால் பாதி நிரல்கள் புதியவை, பாதி பழையவை. ஈரக்கருவியின் நிரல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எழும்ப மறுத்தது. ரவூப்புக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது.

"மிச்சத்தையும் ஓட விட்டுப் புதுசுக்கே போயிடுவம் மிஸ். இன்னும் கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சம் கொஞ்சம் எண்டுதான் இஞ்ச வந்து நிக்கிறம். பழைய நிலைக்கே திரும்புவம். பேக்கப் வரட்டும்."

முன்னே போவது எப்போதும் வேகமாகத் தோன்றும். எங்கே போய் முடியும் என்று தெரியாத வழியைவிட, தெரிந்த பழைய இடத்துக்குத் திரும்பும் வழியே மேல். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியான முடிவு என்பதால் டிஸ்க் வேகமாக வந்துவிடுமா? கல்முனையிலிருந்து திறப்பு மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து டிஸ்க் ஓட்டமாவடிக்கு வர வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஜன்னலால் பார்த்தேன். புவனேஸ்வரி அக்கா பெட்டியின் மேல் ஏறி, நெல் நனையாமல் படங்கை இழுத்து மூடிக் கட்டினார். மழை கொஞ்சம் விட்டதும் அவிழ்த்து, கீழே கிடந்த நெல்லை மண்வெட்டியால் மேலே புரட்டினார். திரும்பத் தூறியதும் மறுபடியும் மூடினார். மூடாவிட்டால் நனையும், மூடினால் அவியும். நான் போய் ஒரு மண்வெட்டியை எடுத்தேன். ஹாஜியாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"ஜும்ஆ முடிஞ்சி வாறதுக்குள்ள சரியாகும் எண்டுதான தங்கச்சி இவங்க சொன்ன," என்றார் அக்காவிடம்.

அக்கா நெல்லைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நெல்லிலிருந்து ஆவி வந்தது.

டிஸ்க் வந்து, பழைய நிலைக்குத் திரும்பி, ட்ரையர் ஓடி, முதல் நெல் வெளியே வந்து, அக்காவின் நெல் உள்ளே போகும்போது விளக்குகள் போட்டிருந்தார்கள். அன்று இரவே நம் குழுவில் ரவூப்புக்கு வாழ்த்துகள் குவிந்தன. அந்த ஒற்றை வரியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். மேலாளர் கல்யாண வீட்டிலிருந்தே கட்டைவிரல் காட்டினார். நானும் பார்த்தேன். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு கிழமை கழித்து ரவூப்பையும் கூட்டிக்கொண்டு வவுணதீவுக்குப் போனேன். ரவூப் வர மறுக்கவில்லை. அக்கா முற்றத்தில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், சுருட்டிய ஈரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் விரித்தார். முளைக்கப் போட்ட நெல். ஓரங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை முளை விட்டிருந்தது. மற்றதெல்லாம் ஊறி உப்பிப் போய்ச் சும்மா கிடந்தது.

"இது விதையாப் போகாது," என்றார். "மில்லுக்குத்தான் குடுக்கோணும், சோத்துக்கு. வட்டை ஆக்களுக்கு விதைநெல்லு வேற இடத்தில தேடுங்க எண்டு சொல்லிட்டன்."

ரவூப் மன்னிப்புக் கேட்டார். அக்கா அவரைத் திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் லேசாக இருந்திருக்கும்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். அந்தக் கொம்பியூட்டர்ப் பொட்டி அண்டைக்குப் பழுதாக் கிடந்ததா?"

"இல்ல அக்கா. நல்லாத்தான் ஓடின."

"மறுகா ஏன் அதில கைய வச்ச?"

ரவூப் விளக்கத் தொடங்கினார். பழைய வெளியீட்டுக்கு ஆதரவு முடியப் போகிறது, அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, லைப்ரரிகள் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். எல்லாம் உண்மை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அது எப்ப முடியுது?"

"அடுத்த வருசம் அக்கா."

"அடுத்த வருசமா?"

ரவூப் தலையாட்டினார்.

"அப்ப அண்டைக்குத்தான் செய்யோணும் எண்டு ஆரு சொன்ன?"

ரவூப் என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். மேலாளர் நாள் குறிக்கவில்லை. ஹாஜியார் கேட்கவில்லை. அந்த வெளியீட்டைச் செய்தவர்கள் எங்களுக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, முற்றம் வெறுமையாக இருந்தது, செய்தோம். வேறு ஒன்றும் இல்லை.

"ஒருத்தரும் சொல்லல்ல அக்கா," என்றேன்.

அவர் சாக்கின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, முளைத்ததையும் முளைக்காததையும் சேர்த்துக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, எங்களுக்குத் தேநீர் வைக்க உள்ளே போனார்.